விருந்தாளி வரிசை

படார் என்று கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையே ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. மெழுகு உருக்கும் அடுப்புப் பக்கம் நின்றிருந்த சமையல்கார அக்கா கரண்டியைக் கீழே போட்டாள். உள்ளே ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டது. அது அழுவதைப் பார்த்து இன்னொன்று ஆரம்பித்தது.

வேன்காரர் ஒரு கையில் மனைவியின் துணிப்பையும், மறு கையில் மருந்துக் கூடையுமாக மூடிய கதவுக்கு முன்னால் நின்றார். மூக்குக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"டேய் மேனேஜர்! யார் வந்திருக்காங்கன்னு பாருடா! அம்மாடா!"



பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி டீச்சர் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியெல்லாம் வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து, "எனக்கு முடி போனது அவனுக்குப் பிடிக்காதுங்க. தலையில துணியைக் கட்டிக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள். கடைசியில் கட்டாமலே இறங்கினாள். மேனேஜர் என்று எல்லோரும் கூப்பிடுகிற மகன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

"முடியில்லாம அடையாளம் தெரியலை போல. நாளைக்குச் சரியாயிடும்" என்றார் வேன்காரர்.

"தெரிஞ்சதுங்க" என்றாள் டீச்சர். "தெரிஞ்சதாலதான் சாத்தினான்."

அந்தப் பள்ளிக்கூடம் ஒருகாலத்தில் வேன்காரர் லாரி பழுது பார்த்த ஷெட். மகனை நாலு பள்ளிக்கூடங்களில் சேர்க்கப் போய், நாலிலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசிப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் தேநீர் வாங்கிக்கொடுத்து, மரியாதையாக, "இந்த மாதிரிப் பிள்ளைங்களை வீட்டோட வச்சுக்கறதுதாம்மா நல்லது" என்றார். டீச்சர் அப்போது டீச்சர் இல்லை. தையல் வேலை செய்துகொண்டிருந்தவள். வீட்டுக்கு வந்ததும் கணவனைப் பார்த்து, "அந்த லாரியை வெளியில எடுங்க" என்று மட்டும் சொன்னாள். லாரி வெளியே போனது. கிரீஸ் வாடை போக ஷெட்டைக் கழுவி, பாய் விரித்து, மகனையும், பாத்திரக் கடைக்காரரின் பெண்ணையும், பேச்சே வராத இரட்டைப் பிள்ளைகளையும் உட்கார வைத்தார்கள். வண்டி பார்த்தவர் வேன் ஓட்டுபவரானார். அவருடைய தங்கை வேலையை விட்டுவிட்டு வந்து சின்ன டீச்சரானாள்.

பிறகு நாலு பெற்றோர் சேர்ந்து டிரஸ்ட் என்று பதிவு செய்தபோது, நோக்கம் என்ன என்று எழுதச் சொன்னார்கள். ஆளுக்கொரு பெரிய வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருக்க, டீச்சர் எழுதியது ஒரே வரி. அதுதான் இன்றைக்கும் நுழைவாசலுக்கு மேலே நீலப் பெயின்ட்டில் இருக்கிறது: 'இங்கிருந்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.'

அந்த வாசலிலிருந்து முதன்முதலாகத் திருப்பி அனுப்பப்பட்டவள், அந்த வரியை எழுதியவளேதான்.

சின்ன டீச்சர் சமையல்கட்டு வழியாகச் சுற்றி ஓடிவந்தாள். வந்தவள் அண்ணியைக் கட்டிக்கொள்ளவில்லை. ரெண்டடி தள்ளியே நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி நிக்கறே?" என்றார் வேன்காரர்.

"அண்ணா... நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

டீச்சர் அவளையே பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டவள்போலக் கண்ணை மூடினாள்.

"பெட்டியில போட்டுட்டியா?"

"ஆமா அண்ணி."

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பலகை. அதில் எல்லோருடைய போட்டோவும் ஒட்டவும் எடுக்கவும் முடிகிற மாதிரி வரிசையாக இருக்கும். யார் போட்டோ பலகையில் இருக்கிறதோ அவர் இன்றைக்கு வந்திருக்கிறார். வராதவருடைய போட்டோவைப் பலகைக்குக் கீழே தொங்கும் துணிப்பையில் போட வேண்டும். பையின்மேல் வீட்டுப் படம் தைத்திருக்கும். 'அவங்க வீட்டுல இருக்காங்க, வருவாங்க' என்று அர்த்தம். அதற்கும் பக்கத்தில், லாரிப் பலகையில் வேன்காரரே செய்த ஒரு பெட்டி. மேலே ஒரு கீறல் மாதிரி துவாரம். மூடியை நாலு பக்கமும் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார். இனிமேல் வரவே மாட்டார்கள் என்பவர்களின் போட்டோ அதில் போகும். வாட்ச்மேன் தாத்தா செத்துப்போனபோது போட்டார்கள். வலிப்பில் போன ஒரு பெண் குழந்தை, கல்யாணமாகி வெளிநாடு போன ஒரு டீச்சர்.

பெட்டிக்குள் போனது வெளியே வராது. அதுதான் டீச்சர் வைத்த சட்டம். "பேச்சு புரியாத பிள்ளைங்களுக்கு நாம குடுக்கற ஒரே வாக்கு இதுதான். இதுல ஒரு தடவை பொய் சொன்னோம்னா, அப்புறம் நாம எதைச் சொன்னாலும் நம்பாதுங்க" என்று புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவாள்.

"எதுக்குப் போட்டே?" வேன்காரர் குரல் உயர்ந்தது. "உயிரோட இருக்கறவளை எதுக்குடி போட்டே? பையில போட வேண்டியதுதானே?"

"பையிலதான் அண்ணா போட்டேன்! மொதல்ல பையிலதான் போட்டேன்." சின்ன டீச்சருக்கு அழுகை வெடித்தது. "மத்த பிள்ளைங்களுக்கு வீட்டுப் படம்னா எங்கேயோ இருக்கற வீடு. இவனுக்கு? பின்னால இருக்கறதுதானே இவன் வீடு! அம்மா வீட்டுல இருக்காங்கன்னு பை சொல்லுது. வீட்டுல அம்மா இல்லை. தேட ஆரம்பிச்சான் அண்ணா. கட்டிலுக்கு அடியில, பீரோவுல, அரிசி டின்னுக்குள்ள கையை விட்டு... அலமாரிப் பலகையைப் பிடுங்கிப் போட்டான். நகமெல்லாம் ரத்தம். சாப்பாட்டைத் தொடலை. நீ ஆஸ்பத்திரியிலயே கிடந்தே, போன் பண்ணினா எடுத்துட்டு எடுத்துட்டு வச்சே. ஒருநாள் நீயே அழுதுகிட்டுச் சொன்னே, டாக்டர் கையை விரிச்சுட்டாரு, மெஷின்லதான் மூச்சு இருக்குன்னு."

வேன்காரர் மருந்துக் கூடையைக் கீழே வைத்தார்.  அவள் சொன்னது உண்மை.

"அன்னிக்குத்தான் போட்டேன். அவன் கையில குடுத்து, அவனையே போட வச்சேன். நாம வாட்ச்மேன் தாத்தாவுக்குப் பண்ணின மாதிரியே. போட்டான். கொஞ்ச நேரம் பெட்டி மேல கையை வச்சுகிட்டு நின்னான். அப்புறம் போய்ச் சாப்பிட்டான் அண்ணா. தட்டு நிறையச் சாப்பிட்டான். நான்... நான் சந்தோஷப்பட்டேன்."

டீச்சர் சுவரை விட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்து நாத்தனாரின் தோளில் கை வைத்தாள்.

"நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். அழாதே. உள்ளே பிள்ளைங்க கத்துது பாரு, போ."

அன்றைக்கு அவள் தன் வீட்டுக்குள் நுழையவே முடியவில்லை. பின்வாசல் வழியாக வேன்காரர் அவளுடைய துணிப்பையைக் கொண்டுபோய் வைத்தார். மேனேஜர் அதைத் தூக்கி வந்து, அடிக்காமல், எறியாமல், ஒழுங்காக வெளிப்படியில் வைத்துவிட்டுப் போனான். அதைத்தான் வேன்காரரால் தாங்க முடியவில்லை. கோபமாக எறிந்திருந்தால்கூடச் சமாதானம் செய்துவிடலாம். இது மறந்துபோன சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

பெரிய பிள்ளைகள் விற்பனைக்கு மெழுகுவத்தி செய்யும் அறையில் அவளுக்கு ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார்கள்.

அவனுக்கு மேனேஜர் என்று பேர் வைத்தது சமையல்கார அக்கா. வயது இருபதைத் தாண்டிவிட்டது, மீசை வந்துவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்க ஒரு சுற்று வருவான். மெழுகுவத்தி அட்டைப்பெட்டி கோணலாக இருந்தால் நேராக்குவான். குழாய் சொட்டினால் இறுக்குவான். முக்கியமான வேலை செருப்பு. வாசலில் பிள்ளைகள் செருப்பு ஒரு வரிசை, வேலை செய்பவர்கள் செருப்பு ஒரு வரிசை. நன்கொடை கொடுக்க வருகிறவர்கள், மெழுகுவத்தி வாங்க வருகிறவர்கள், போட்டோ எடுக்க வருகிறவர்கள், இவர்களுடையது சற்றுத் தள்ளி, படி ஓரமாக. விருந்தாளி வரிசை.

மறுநாள் காலை டீச்சர் எழுந்து வெளியே வந்தபோது அவள் செருப்பைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் படி ஓரத்தில், தனியாக, ஜோடியாக, தெருவைப் பார்த்தபடி இருந்தது. கிளம்புவதற்குத் தயாராக.

"அடப்பாவி, பெத்தவ செருப்பை எங்கே கொண்டு வச்சிருக்கான் பாருங்க" என்று சமையல்கார அக்கா அதை எடுக்கக் குனிந்தாள்.

"விடுக்கா" என்றாள் டீச்சர். "ஒழுங்காத்தானே வச்சிருக்கான்."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்துக்குச் சில பிள்ளைகள் அடங்கிப்போகும், சில பிள்ளைகள் கிறுக்காகும். ஈரத்தில் திரி காயாமல் மெழுகுவத்தி வேலை பின்தங்கியது. டீச்சர் திரி வெட்டும் மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். கத்தரி பிடித்தால் கை நடுங்கும். அதனால் திரியை அளந்து வைக்கிறதோடு சரி. எதிரே மகன், வார்த்த மெழுகுவத்திகளை அச்சிலிருந்து பிடுங்கி அடுக்குவான். ஒரு மேஜை அகலம்தான் நடுவே. அவன் அவளைப் பார்ப்பதைத் தவிர்க்கவில்லை. மெழுகுவத்தி வாங்க வந்தவர்களை எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

ஒருநாள் அவள் பழக்கத்தில், "கண்ணா, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் கையிலிருந்த மெழுகுவத்தியை வைத்தான். எழுந்தான். பலகைப் பக்கம் போய், பெட்டிமேல் கையைத் தட்டி, அவனுக்கு வருகிற சில வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னான்.

"முடிஞ்சது."

சொல்லிவிட்டு வந்து மறுபடி வேலையில் உட்கார்ந்தான். அவள் அடுத்த திரியை எடுத்து அளந்தாள்.

வேன்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. காலையில் பிள்ளைகளை ஏற்றி வரும்போதும் சாயந்தரம் கொண்டுபோய் விடும்போதும் அதே நினைப்பு. மழையில் வண்டியைக் குண்டு குழியில் இறக்கி, பின்னால் பிள்ளைகள் குதித்ததைப் பார்த்து, "ஏ, பிடிச்சுக்கோங்க, பிடிச்சுக்கோங்க" என்று கத்துவார். கத்திவிட்டு வாய்க்குள் தன்னையே திட்டிக்கொள்வார். போனில் அழாமல் இருந்திருக்கலாம். டாக்டர் சொன்னதைத் தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுபரிசோதனைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"நீங்க வண்டியைப் பாருங்க. ஆம்புலன்ஸ் வந்தா நகர்த்தணும். நான் போய்க் காட்டிட்டு வந்துடறேன்" என்றாள்.

"தனியாவா?"

"என்னை எல்லா நர்ஸுக்கும் தெரியும். இந்த ஆஸ்பத்திரியே எனக்கு மாமியார் வீடாயிடுச்சு."

போனவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்ததும் சீட்டில் உட்கார்ந்து, மழைத்துளி வழியும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசினாரு. ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்."

டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு மருந்துக் கூடையைப் பார்த்தார். போகும்போது நிறைந்திருந்த கூடையில் வலிக்கான ஒரே ஒரு மாத்திரை அட்டை.

"மத்ததெல்லாம்?"

"குறைச்சுட்டாரு."

"அப்போ தேறிட்டேன்னு சொல்லு!" வேன்காரர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். "எனக்கு அப்பவே தெரியும். மெஷின்ல இருந்து எந்திரிச்சு வந்தவளாச்சே நீ!"

அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவர் முடிவு பண்ணிவிட்டார். "நான் சொல்றதைக் கேளு. உன் சட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் பெட்டியை நான்தான் செஞ்சேன், நானே பிரிக்கறேன். உன் போட்டோவை எடுத்துப் பலகையில ஒட்டிடலாம். ரெண்டு நாள் ரகளை பண்ணுவான், அப்புறம் அம்மான்னு வந்து ஒட்டிக்குவான்."

"அந்தக் குழந்தை போட்டோவும் அதுலதானே இருக்கு" என்றாள் டீச்சர். "வலிப்புல போச்சே, அது. அந்தக் குழந்தைகூட ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவ, பாத்திரக் கடைக்காரர் பொண்ணு, இன்னும் வந்துகிட்டுத்தான் இருக்கா. பெட்டியைத் திறந்து உங்க பொண்டாட்டியை வெளியில எடுக்கறதை அவ பார்த்தான்னா, தன் சிநேகிதியையும் எடுங்கன்னு நிப்பா. எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பீங்க?"

"எல்லார் பிள்ளையையும் பார்த்துப் பார்த்துத்தான் உனக்கு இந்தக் கதி! உன் பிள்ளையை என்னிக்குப் பார்க்கப் போறே?"

அந்தச் சண்டை அவர்களுக்குள் பள்ளிக்கூடம் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறது. எப்போதும் அவர் கேட்பதும் அவள் பேசாமல் இருப்பதுமாகவே முடியும்.

அந்த வாரக் கடைசியில் மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேன்காரர் திரும்பியபோது, ஷெட்டுக்குள் கரண்ட் இல்லை. சின்ன டீச்சர் கிளம்பிப் போயிருந்தாள். சமையல்கார அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் பின்னால் கேட்டது. மெழுகுவத்தி அறையின் ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவும் மகனும் அதே மேஜையில் எதிரெதிரே இருந்தார்கள்.

திடீரென்று தலைக்கு மேலேயே இடி இறங்கியது. கூரை மொத்தமும் கிடுகிடுத்தது.

மேனேஜர் துள்ளி எழுந்தான். சின்ன வயதிலிருந்தே இடி என்றால் அவனுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ரெண்டு முறை சுற்றினான். மூன்றாவது முறை சுற்றும்போது மேஜையின் இந்தப் பக்கம் வந்தான். டீச்சர் உட்கார்ந்திருந்த பெஞ்சில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கை மட்டும் பின்னால் நீண்டு வந்தது. துழாவியது. அவளுடைய முழங்கைக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற சதையைக் கண்டுபிடித்து ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டது.

பால் குடிக்கிற வயதிலிருந்து அவன் தூங்குவது அப்படித்தான். அந்தச் சதையைப் பிடித்து உருட்டிக்கொண்டேதான் தூங்குவான். இப்போது அந்த இடத்தில் சதை அதிகம் இல்லை, எலும்புமேல் தோல்தான். ஆனாலும் விரல்கள் அதை உருட்டின.

டீச்சர் திரும்பவில்லை. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். அவள் கையிலிருந்த திரி ஒவ்வொன்றாக மடியில் விழுந்தது.

கதவோரம் நின்ற வேன்காரருக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. 'தெரியுது. அவனுக்குத் தெரியுது. விரலுக்குத் தெரியுதே!' சத்தம் போடாமல் பின்வாங்கினார். வேனுக்கு ஓடி, சீட்டுக்கு அடியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார்.

அதற்குள் இடி தூரமாகப் போய்விட்டிருந்தது. மேனேஜர் விரலை எடுத்தான். எழுந்தான். ஒன்றும் நடக்காத மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலில் நனையும் செருப்புகளைச் சாரல் படாமல் நகர்த்தி வைக்கப் போனான். டீச்சர் முழங்கையை மறு கையால் பொத்திக்கொண்டு, அந்த இடத்தைக் காற்றுகூடத் தொடக்கூடாது என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

வேன்காரர் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கி மேஜையில் வைத்தார். முதல் திருகாணி துருப்பிடித்து முரண்டு பண்ணியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் திருப்பினார். அது கிறீச்சென்று கழன்று வந்தது. ரெண்டாவதில் திருப்புளியை வைத்தபோது அவள் கை வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது.

"வேணாங்க."

"சும்மா இரு. நான் பார்த்தேன். அவன் உன்னைப் பிடிச்சதைப் பார்த்தேன். பிள்ளைங்க யாரும் இல்லை, எவளும் பார்க்கப் போறதில்லை. இன்னிக்கே எடுத்து ஒட்டிடறேன். நீதான் நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு இந்தத் தண்டனை?"

"மாத்திரையைக் குறைக்கலைங்க. நிறுத்திட்டாங்க."

திருப்புளி திருகாணியின் பள்ளத்திலேயே நின்றது. கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் மகன் ஒவ்வொரு செருப்பாக உதறித் தண்ணீரை வடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் இந்த மழைக்காலம் தாண்டினா பெரிசுன்னாரு டாக்டர். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் டீ வாங்க அனுப்பினேன்."

வேன்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"அதுவரைக்குமாவது அவனுக்கு அம்மாவா இருக்கலாமே. இருக்கற வரைக்குமாவது?"

அவள் வாசலைப் பார்த்தாள். மகன் அவளுடைய செருப்பைத் துணியால் துடைத்து, தள்ளி, படி ஓரத்தில், தெருவைப் பார்த்து ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தான். கழன்று கிடந்த திருகாணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"முடுக்கிடுங்க. விருந்தாளி போனா அவன் தேட மாட்டான்."